பெட்டியில் பணம் இருக்கும்போதே: நிதி மோசடியை அரசு எப்படித் தடுக்கலாம்?

ஒரு நிறுவனம் மாதாமாதம் பத்தாம் தேதி தவறாமல் பணம் போட்டுக்கொண்டிருக்கும் வரை அதன் மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை. ஒரு மாதம் வராவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது மாதம் ஏஜென்ட் வீட்டுக்குப் போவார்கள். மூன்றாவது மாதம் சேலம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பார்கள். அதற்குள் பெட்டி காலியாகியிருக்கும். புகார் வருகிற நாளில் பணம் இல்லை, பணம் இருக்கிற நாளில் புகார் இல்லை. பொருளாதாரக் குற்றத்தைத் தடுக்க வேண்டிய அரசு அமைப்புகள் திணறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் அடிப்படை. கத்தியைக் காட்டாமல், பூட்டை உடைக்காமல், நம்பிக்கையையும் காகிதத்தையும் வைத்தே பணத்தைப் பறிப்பதைப் பொருளாதாரக் குற்றம் என்கிறோம். எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் விசாரிப்பதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கான பணம் தராமல் மறைந்த வியாபாரி மேல் மாநகரில் மத்திய குற்றப்பிரிவிலும், மாநகர எல்லைக்கு வெளியே மாவட்டக் குற்றப்பிரிவிலும் புகார் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கையாடல் என்றால் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு. செல்போன் வழியாகப் பணம் போனால் சைபர் கிரைம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் திருப்பித் தராதவர்களைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைப் பற்றியது. சேலத்தில் தறி, கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை என்று கைக்குக் கை காசு புரளும் குடும்பங்கள் அதிகம். வங்கிக்குப் போக நேரமில்லாத அந்தப் பணத்தைத்தான் இந்தத் திட்டங்கள் குறிவைக்கின்றன.

இருபது மாதக் கணக்கு

ஒரு லட்சம் கட்டினால் அடுத்த மாதத்திலிருந்து மாதம் 10,000 ரூபாய், 20 மாதத்துக்கு. ஒன்றுக்கு இரண்டு. ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குத் தலைக்கு 5,000 கமிஷன். எந்தத் தொழிலும் கிடையாது. வருகிற பணத்தை எடுத்து ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பதுதான் மொத்த வேலை. நடத்துபவர் தனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மாதம் சரியாக 100 பேர் சேர்கிறார்கள்.

முதல் மாதம் ஒரு கோடி வருகிறது. கமிஷன் போக 95 லட்சம் பெட்டியில் நிற்கும். இரண்டாம் மாதம் இன்னொரு 95 லட்சம் வர, முதல் நூறு பேருக்கு 10 லட்சம் போகிறது. மூன்றாம் மாதம் 20 லட்சம் போகிறது, நான்காம் மாதம் 30. பத்தாவது மாத முடிவில் பெட்டியில் 5 கோடி இருக்கும். ஊரெல்லாம் அந்த நிறுவனத்தைப் புகழும். ஆனால் பதினோராவது மாதம் வரவு 95 லட்சம், செலவு ஒரு கோடி. வரவைச் செலவு தாண்டிவிட்டது. புதிதாக ஆள் சேர்வது ஒரு மாதம்கூடக் குறையவில்லை, ஒருவருக்கும் ஒரு நாள்கூடப் பணம் தாமதமாகவில்லை. ஆனாலும் அங்கிருந்து பெட்டி கரைகிறது. இருபதாவது மாத முடிவில் சரியாகப் பூஜ்யம். இருபத்தோராவது மாதம்தான் பணம் முதல் முறையாகத் தடைபடும். புகார் அதற்கும் பிறகுதான் வரும்.

இப்போது இரண்டு நாட்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தாவது மாத முடிவில் அரசு உள்ளே நுழைந்து நிறுத்தியிருந்தால், ஆயிரம் பேர் கட்டியது 10 கோடி, அவர்களுக்குத் திரும்பிப் போனது 4.5 கோடி. வர வேண்டிய அசல் 5.5 கோடி, கையில் இருப்பது 5 கோடி. பற்றாக்குறை 50 லட்சம். அதுவும் ஏஜென்டுகளுக்குப் போன கமிஷன். இருபதாவது மாதம் வரை விட்டால் என்ன ஆகும்? முதல் ஒன்பது மாதங்களில் சேர்ந்த 900 பேர் அசலுக்கு மேல் 4.5 கோடி லாபம் பார்த்திருப்பார்கள். பத்தாம் மாதம் சேர்ந்தவர்களுக்குப் போட்டது மட்டும் வந்திருக்கும். பிறகு சேர்ந்த ஆயிரம் பேருக்கு 5.5 கோடி நஷ்டம், பெட்டியில் ஒன்றுமில்லை. ஒரே திட்டம், அதே ஆட்கள். நுழைகிற மாதம் மட்டும்தான் வேறு. பத்து மாதத் தாமதத்தில் 50 லட்சம் ஓட்டை 5.5 கோடி ஆகிறது.

உண்மையில் நடத்துபவர் கார் வாங்குவார், நிலம் வாங்குவார், மண்டபம் பிடித்து விழா நடத்துவார். அதனால் சரிவு இதைவிட வேகமாக வரும். இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும்: லாபம் பார்த்த 900 பேர்தான் நிறுவனத்தின் சாட்சிகள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே பணம் வந்தது. “எங்க மாமாவுக்குப் பத்தாம் தேதி டாண்ணு வந்துடுது” என்கிற பேச்சுக்கு முன்னால் எந்த விழிப்புணர்வு நோட்டீசும் நிற்பதில்லை.

சட்டம் காத்திருக்கச் சொல்லவில்லை

யாரும் புகார் தராமல் போலீஸ் எப்படி உள்ளே போக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். போக முடியும். 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூழ்கிய பிறகு வந்தது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம். பேச்சு வழக்கில் டான்பிட். பணத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை, சொத்துகளை அரசே முடக்கும் அதிகாரம், தனிச் சிறப்பு நீதிமன்றம் ஆகியவை இதில் உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு திட்டமிட்டுச் செயல்படுவதாக நம்பக் காரணம் இருந்தாலே சொத்தை முடக்கலாம் என்றும் இந்தச் சட்டம் சொல்கிறது. இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது.

டெபாசிட் என்ற சொல்லுக்கும் இந்தச் சட்டத்தில் பரந்த பொருள் உண்டு. வட்டியாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பொருளாகவோ சேவையாகவோ தருவதாகச் சொல்லி வாங்கினாலும் டெபாசிட்தான். 2012-இல் பெருந்துறையைச் சுற்றிக் கவிழ்ந்த ஈமு கோழித் திட்டங்களை இந்தச் சட்டத்தில் கொண்டுவர முடிந்தது அதனால்தான். இனிப்பு, பட்டாசு, பாத்திரம், கால் பவுன் என்று பட்டியல் போட்டு வசூலிக்கும் தீபாவளிச் சீட்டும் இதற்குள் வரும்.

2019-இல் வந்த மத்தியச் சட்டம், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம், இன்னும் ஒரு படி மேலே போகிறது. அனுமதியில்லாத திட்டத்துக்குப் பணம் கேட்பதே குற்றம். 1 முதல் 5 ஆண்டு சிறை. வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு. வாங்கி ஏமாற்றினால் 3 முதல் 10 ஆண்டு, வசூலித்ததில் இரண்டு மடங்கு வரை அபராதம். ஒருவர்கூட ஏமாறாத நிலையிலும் வழக்குப் போடலாம். பத்தாவது மாதத்தில் நுழைவதற்கான சாவி இதுதான். சொந்தக்காரரிடம் வாங்கும் கடன் இதில் வராது. கைமாத்து வாங்கியவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

பிறகு ஏன் நுழைவதில்லை? நடைமுறையில் அது சுலபமான வேலை இல்லை. 2025 ஜனவரியில் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் அறக்கட்டளை பெயரில் பணம் வசூலிப்பதாகத் தகவல் வந்து பொருளாதாரக் குற்றப்பிரிவினர் சோதனைக்குப் போனபோது அவர்கள் தாக்கப்பட்டார்கள். ரொக்கம் கோடிக்கணக்கில் சிக்கியது. திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது போகிற அதிகாரியை, வருகிற பணத்தைக் கெடுக்க வந்தவராகத்தான் ஊர் பார்க்கும். எனவே கூடுதல் காவலோடு போவதும், “உங்கள் பணம் முடக்கப்படுவது உங்களுக்காகவே, திரும்பப் பெறும் வழி இது” என்று அச்சடித்த ஒரு பக்கத் தாளை அன்றைக்கே அங்கே கொடுப்பதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி

இந்தத் திட்டங்கள் ரகசியமாக நடப்பதில்லை. ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் சத்தம் போட்டாக வேண்டும். மண்டபக் கூட்டம், ஹோட்டல் கருத்தரங்கு, வாட்ஸ்அப் குழு, பத்தாம் தேதி வாசலில் வரிசை எல்லாமே ஊர் பார்க்க நடப்பவை. ஆனால் பார்த்த துண்டுகள் வேறு வேறு மேசைகளில் கிடக்கின்றன. ஒரு புதுக் கணக்கில் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்து சரியாக ஒரு லட்சம், ஐம்பதாயிரம் என்று வந்து விழுவது வங்கி மேலாளருக்குத் தெரியும். சந்தேகப் பரிவர்த்தனை என்று அவர் மேலே அனுப்பும் அறிக்கை டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகிறது. அது சுற்றி மாவட்டத்துக்கு இறங்கி வருவதற்குள் பல மாதம் ஓடிவிடலாம். இந்த நிறுவனம் சீட்டுக்குப் பதிவு வாங்கவில்லை என்பது மாவட்டப் பதிவாளருக்குத் தெரியும். திடீரென்று ஒருவர் பெயரில் பத்திரங்கள் குவிவது சார்பதிவாளருக்குத் தெரியும். கூட்டம் கூடுவது உளவுத் தகவல் திரட்டும் தனிப்பிரிவு போலீசுக்குத் தெரியும்.

மாநில அளவில் தலைமைச் செயலாளர் தலைமையில் ரிசர்வ் வங்கியும் போலீசும் உட்காரும் ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. அதே போன்ற ஒரு மேசை மாவட்டத்திலும் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர், மாவட்டப் பதிவாளர், வணிகவரி, தனிப்பிரிவு, பொருளாதாரக் குற்றப்பிரிவு ஆகியோர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து “புதிதாக யார் பணம் வாங்குகிறார்கள்?” என்ற ஒரே கேள்வியைப் பேசினால் போதும். பெயர் வந்ததும், யாரிடம் அனுமதி பெற்று டெபாசிட் வாங்குகிறீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டீஸ் போக வேண்டும். ஒழுங்கான நிறுவனம் ஒரே நாளில் பதில் தரும். மோசடி நிறுவனம் வக்கீலைத் தேடும். பதில் வராத நாளே விசாரணை தொடங்கும் நாள்.

இந்த இடத்தில் சுவரைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட அலுவலகங்களில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, அறக்கட்டளைப் பத்திரம், ஐஎஸ்ஓ தரச் சான்று. சிங்க முத்திரை தெரிகிற மாதிரி மாட்டியிருப்பார்கள். இவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க உரிமை தருவதில்லை. உத்யம் பதிவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையத்தில் தாங்களே சொல்லிப் பெறலாம். ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனமாக இருந்தாலும் டெபாசிட் வாங்கத் தனி அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது, அதன் சசேத் இணையதளத்தில் பார்க்கவும் புகார் தரவும் முடியும். ஏலச் சீட்டென்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனிநபர் நடத்தும் சீட்டுகளின் மொத்தத் தொகை 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நகைக்கடைச் சீட்டு பதினோரு மாதத்தோடு நிற்பதற்கும் காரணம் உண்டு: பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது டெபாசிட் ஆகிவிடும்.

ஏற்காடு மலையில் இதே வலை வேறு உருவில் வரும். எஸ்டேட்டில் பங்கு, ரிசார்ட்டில் அறை வாடகைப் பங்கு, மிளகுக் கொடியோடு கூடிய பண்ணை மனை என்பார்கள். கையில் கொடுப்பது பத்திரமா, வெறும் ஒப்பந்தத் தாளா என்று பார்த்தாலே பாதி வெளிச்சம். மாதாமாதம் உறுதியான வருமானம், கடைசியில் அசல் திரும்ப என்று எழுதியிருந்தால், நிலம் என்று பெயர் வைத்தாலும் அது டெபாசிட்தான்.

முதல் மூன்று நாள்

சோதனை என்றால் நம் நினைவுக்கு வருவது கதவைத் தட்டுவது. அதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை வங்கிக் கணக்குகளை நிறுத்துவது. வரிசை மாறினால் வாசலில் போலீஸ் நிற்கும்போதே உள்ளே ஒருவர் செல்போனில் பணத்தை நகர்த்திவிடுவார். குற்ற நடைமுறைக்கான புதிய சட்டத்தின், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், 106-வது பிரிவில் வங்கிக்குக் கடிதம் போய், நிறுத்தியாகிவிட்டது என்ற பதில் கையில் வந்த பிறகே ஜீப் கிளம்ப வேண்டும். நிறுவனக் கணக்கு மட்டும் போதாது. மனைவி, மைத்துனர், டிரைவர், முதல் இருபது ஏஜென்டுகள், பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வே எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அடுத்தது கணினி. உறுப்பினர் எண், யார் மூலம் சேர்ந்தார், கட்டிய தேதி, கொடுத்த தொகை எல்லாம் ஒரு மென்பொருளில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை யாராவது பிளக்கைப் பிடுங்கி அணைத்துவிட்டால், மறுபடி திறக்கக் கடவுச்சொல் கேட்கும். சொல்ல வேண்டியவர் தலைமறைவு. தரவு வெளியூர் சர்வரில் இருந்தால் பெட்டியை மட்டும் தூக்கி வந்து பயனில்லை. அதனால் சைபர் நிபுணர் ஒருவர் முதல் ஆளாக உள்ளே போக வேண்டும். நகலெடுத்ததும் அதன் ஹாஷ் எண்ணைக் குறித்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழில் சேர்க்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போனால் மொத்தத் தரவும் சாட்சியமாக நிற்காமல் போகலாம். சோதனையை வீடியோ எடுப்பது இப்போது கட்டாயம். பணம் எண்ணும் இயந்திரத்தின் திரை அந்த வீடியோவில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கையைப் பற்றியே பிறகு வாதம் நடக்கும்.

செல்போன் வழி மோசடியில் கால அளவு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால் அடுத்த கணக்குக்குப் பணம் தாவுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சொத்து என்னும் நீண்ட பாதை

கைது செய்தி பேப்பரில் வந்ததும் ஊர் வேலை முடிந்தது என்று நினைக்கும். பணம் கட்டியவருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. சொத்தைக் கண்டுபிடித்து, அரசாணையால் முடக்கி, தகுதிவாய்ந்த அதிகாரியான மாவட்ட வருவாய் அலுவலர் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டு, முடக்கம் உறுதியாகி, ஏலம் விட்டு, பிறகே பங்கிட முடியும். சேலம் வழக்குகளுக்கு அந்த நீதிமன்றம் கோவையில்.

ஒவ்வொரு படியிலும் தாமதத்துக்குத் தெரிந்த காரணங்கள் உண்டு. பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும், பட்டா இன்னொருவர் பெயரில் இருக்கும். வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதே நிலம் வங்கியில் அடமானம் என்று வரும். முடக்க ஆணை சார்பதிவாளருக்குப் போய்ச் சேரும் முன்னால் விற்றுவிடுவார்கள். எனவே ஆணை வரும்வரை பத்திரப்பதிவு செய்ய வேண்டாம் என்ற கடிதம் முதல் வாரத்திலேயே போக வேண்டும். ஏமாற்றும் நோக்கம் தெரிந்தே சொத்தை வாங்கியவர்களின் சொத்தையும் முடக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது போதுமான அளவு பயன்படுத்தப்படுவதில்லை என்பது எங்கள் கருத்து. பறிமுதல் செய்த கார்கள் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடிக்கின்றன. இருபது லட்சம் பெறும் வண்டி ஐந்தாண்டில் பழைய இரும்பு விலைக்கு வந்துவிடும். முதல் மூன்று மாதத்துக்குள் நீதிமன்ற அனுமதியோடு அவற்றை விற்று, பணத்தை வங்கியில் போட வேண்டும்.

இந்த வேலைக்கு ஆய்வாளர் மட்டும் போதாது. வங்கிக் கணக்குகளின் ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்து, எந்தப் பணம் எந்த நிலமாக மாறியது என்று காட்ட ஒரு பட்டயக் கணக்காளர் வேண்டும். தரவைக் கையாளத் தெரிந்த ஒருவர் வேண்டும். விசாரணை அதிகாரியை நடுவில் மாற்றக் கூடாது. புதியவர் கோப்பைப் படித்து முடிக்கவே மாதங்கள் ஆகும். எத்தனை பேர் கைது என்பதோடு, வசூலானதில் எவ்வளவு திரும்பக் கொடுக்கப்பட்டது, அதற்கு எத்தனை மாதம் ஆனது என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு ஆண்டும் வெளியிட்டால், வேலையின் போக்கே மாறும்.

ஏஜென்டைத் தடுப்பதே தடுப்பு

நடத்துபவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். ஏஜென்ட் எப்போதும் உள்ளூர்: தறி நெய்கிற அண்ணன், மகளிர் குழுத் தலைவி, பள்ளி வாத்தியார், சின்ன மாமனார். அவர்களில் பலர் தங்கள் பணத்தையும் போட்டவர்கள். ஆனால் 5,000 கமிஷனுக்கு ஆள் சேர்ப்பதும் 2019 சட்டப்படி குற்றம் என்பது அவர்களுக்குத் தெரியாது. “ஏமாறாதீர்கள்” என்று பொதுமக்களிடம் சொல்வதைவிட “சேர்த்துவிட்டால் நீங்களும் உள்ளே போவீர்கள்” என்று ஏஜென்டிடம் சொல்வது வேலை செய்யும். பேருந்து நிலையத்தில் பேனர் வைப்பதை விட்டு, கொண்டலாம்பட்டித் தறிக்கூடத்திலும், சிவதாபுரம் கொலுசுப் பட்டறையிலும், ஆத்தூர் சேகோ ஆலை வாசலிலும் சம்பள நாளன்று சொல்ல வேண்டும். காலமும் முக்கியம். தீபாவளிச் சீட்டு புதிதாகத் தொடங்குவது முந்தைய தீபாவளி முடிந்த கையோடு. எச்சரிக்கையும் அப்போதே போக வேண்டும், ஐப்பசியில் போய்ப் பயனில்லை.

புகார் வாங்கும் முறையிலும் ஒன்றைச் சரி செய்யலாம். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ இருக்கும் எஸ்டேட் தொழிலாளி புகார் கொடுக்க வேண்டுமென்றால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுச் சேலம் வர வேண்டும். ஒரு ஜெராக்ஸ் குறைந்தால் மறுபடியும் வர வேண்டும். பத்தாயிரம் போட்டவர் இரண்டாவது தடவை வரமாட்டார், அவருடைய பணம் கணக்கிலேயே ஏறாது. ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் இரண்டு நாள் முகாம் போட்டு, ஒரே மாதிரிப் படிவத்தில் வாங்கலாம்: கட்டிய தேதி, தொகை, ரொக்கமா யுபிஐயா, இதுவரை திரும்ப வந்தது எவ்வளவு, சேர்த்துவிட்டவர் பெயர், பங்குத் தொகை போட வேண்டிய வங்கிக் கணக்கு எண். ரசீது இல்லாதவர்களையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஏஜென்ட் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு அட்டையும், “பணம் வந்துச்சுங்களா அக்கா” என்ற வாட்ஸ்அப் செய்தியும், ஜிபே திரைப் படமும் சாட்சியங்களே. முழுப் பணமும் திரும்பப் பெற்றவர்களும் ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். பத்தாம் தேதி பணம் எங்கிருந்து வந்தது என்று நீதிமன்றத்தில் காட்ட அவர்களுடைய பாஸ்புத்தகம்தான் தேவைப்படும்.